பேனல்ல இருந்த ஆஸ்பத்திரி திடீர்னு பேனல்ல இல்லேன்னா என்ன ஆகும்

மலேசியாவுல மெடிக்கல் கார்டு, அதாவது ஆஸ்பத்திரிச் செலவுக்கான இன்சூரன்ஸ், எடுக்கப் போறவங்க முக்கால்வாசிப் பேரு ஏஜெண்ட்டுக்கிட்ட கேக்குறது ரெண்டே கேள்விதான், மாசம் எவ்வளவு வரும், நம்ம பக்கம் எந்த ஆஸ்பத்திரில எடுத்துக்குவாங்க. அப்படி கார்டை எடுத்துக்குற ஆஸ்பத்திரியைத்தான் பேனல் ஆஸ்பத்திரின்னு சொல்வாங்க. நாங்களும் அதைத்தான் கேட்டோம். வந்த பதிலும் அன்னைக்கு உண்மையான பதில்தான், ஏஜெண்ட்டு பொய் சொல்லல. ஆனா ஒரு வருஷம் முடியறதுக்குள்ள அந்தப் பதில் மாறிப்போச்சு, மாறினது எங்களுக்குத் தெரிஞ்சது ஆஸ்பத்திரி கவுண்டர்ல நிக்கும்போதுதான். அதுக்கப்புறம் நான் தனியா அலைஞ்ச அலைச்சல், கட்டின காசு, கத்துக்கிட்ட விஷயம் எல்லாத்தையும் எழுதி வைக்கலாம்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நாங்க இருக்கறது பஹாவ். நெகிரி செம்பிலான்ல ஜெம்புல் மாவட்டம், எந்தப் பக்கம் போனாலும் செம்பனை (பாமாயில் மரம்), அங்கங்க மிச்சம் இருக்குற கித்தா (ரப்பர்) காடு. இங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரி இருக்கு, ஹாஸ்பிட்டல் ஜெம்புல். ஸ்பெஷலிஸ்ட் பாக்கணும்னா கோலா பிலா பெரியாஸ்பத்திரிக்கு, துவாங்கு அம்புவான் நஜிஹாவுக்கு அனுப்புவாங்க. பிரைவேட்ல பெரிய ஆஸ்பத்திரின்னா கோலா பிலா தாண்டி, புக்கிட் புத்துஸ் மலையில ஏறி இறங்கி சிரம்பானுக்குத்தான் போகணும், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், லாரி மாட்டிக்கிச்சுன்னா இன்னும் கூட. இதை ஏன் சொல்றேன்னா கோலாலம்பூர்ல இருக்கறவங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி பேனல்ல இருந்து போனா பக்கத்துலயே இன்னொன்னு இருக்கும். எங்க மாதிரி தோட்டப்புற ஊர்ல இருக்கறவங்களுக்கு கைக்கு எட்டுற தூரத்துல இருக்கறதே ஒண்ணு ரெண்டுதான், அதுல ஒண்ணு போனா பாதி போன மாதிரி.

எங்க வீட்டுக்காரர் செம்பனை மில்லுல பாய்லர் வேலை பாத்தாரு. அப்ப கம்பெனி கார்டு இருந்துச்சு, குடும்பத்துக்கே சேத்து, நாங்க அதைப் பத்தி யோசிச்சதே இல்ல. 2024 நடுவுல மில்லுல ஆள் குறைப்பு வந்து வெளிய வந்துட்டாரு, இப்ப காண்ட்ராக்ட்ல குலை லாரி ஓட்டுறாரு. வேலை போன அன்னைக்கே கார்டும் போச்சு. இங்கயே ஒரு விஷயம், கம்பெனியை விட்டு வெளிய வர்றவங்க எச்.ஆர்.கிட்ட கடைசி நாளைக்கு முன்னாடியே கேளுங்க, குரூப் கார்டை தனி ஆள் கார்டா மாத்திக்க வழி இருக்கான்னு. எல்லா கம்பெனிலயும் இருக்காது, இருந்தா வாங்கிக்கிட்டு வாங்க, ஏன்னா புதுசா எடுத்தா எல்லாம் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். பொதுவான நோய்க்கு 30 நாள் காத்திருக்கணும், பாலிசில பேர் போட்டு சொல்லியிருக்குற நோய்ங்களுக்கு 120 நாள். பிரஷர், சக்கரை, இருதயம், கட்டி, கல், ஹெர்னியா, மூலம் எல்லாம் அந்த 120 நாள் லிஸ்ட்டுலதான் வரும். நாப்பது வயசுக்கு மேல நம்மாளுங்களுக்கு வர்றதெல்லாம் அதுலயே இருக்குங்கறது வேற விஷயம்.

அந்த வருஷம் அக்டோபர்ல அவருக்கு தனி கார்டு எடுத்தோம், 49 வயசு, மாசம் 285 வெள்ளி (ரிங்கிட்). எனக்கு அப்புறம் பாக்கலாம்னு விட்டாச்சு, ரெண்டு பேருக்கும் ஒண்ணா கட்ட முடியல. 2024 செப்டம்பர் 1ல இருந்து எல்லா இன்சூரன்ஸ் கம்பெனியும் கோ-பேமெண்ட் வச்ச பிளான் ஒண்ணாவது விக்கணும்னு நாட்டோட மத்திய வங்கி பேங்க் நெகாரா சொல்லியிருந்ததால ஏஜெண்ட்டு அக்கா ரெண்டு விதமா காட்டுனாங்க. ஒண்ணுல பில்லுல நம்ம பங்கா குறைஞ்சது 5 பெர்சண்ட் இல்லாட்டி குறைஞ்சது 500 வெள்ளி நாம கட்டணும், மாசக் கட்டணம் கம்மி. இன்னொன்னுல நம்ம பங்கு இல்ல, கட்டணம் கூட. நாங்க கூட உள்ளதை எடுத்தோம். அந்தக்கா கடைசில ஒரு பேப்பர்ல சிரம்பான்ல இருக்குற ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி பேரை பேனாவால வட்டம் போட்டு, "இங்க கார்டைக் காட்டுனா போதும்ணே, ஐசி அடையாளக் கார்டோட கொடுத்துட்டு உள்ள போயிடலாம், கையில காசே வேணாம்"னு சொன்னாங்க. எங்களுக்கு அந்த வட்டம்தான் தேவையா இருந்துச்சு.

2025 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி அவருக்கு வலது பக்கம் விலாவுக்குக் கீழ வலி, வாந்தி, காய்ச்சல். வாயுன்னு நெனைச்சு ஓமத்தண்ணி எல்லாம் குடிச்சுப் பாத்தாரு. விடிஞ்சதும் மச்சினர் காரை வாங்கிக்கிட்டு நானே ஓட்டிக்கிட்டுப் போனேன், மலை ரோட்டுல ஒவ்வொரு வளைவுக்கும் பின்சீட்டுல அவர் முனகுறாரு. எமர்ஜென்சில ஸ்கேன் பண்ணிட்டு பித்தப்பைல கல்லு, இன்பெக்ஷன் ஆயிருக்கு, அட்மிட் பண்ணி ஆபரேஷன் பண்ணணும்னாங்க. கார்டை எடுத்துக்கிட்டு அட்மிஷன் கவுண்டருக்குப் போனேன். கண்ணாடில ஒரு ஏ4 பேப்பர் ஒட்டியிருந்துச்சு, எந்தெந்த இன்சூரன்ஸ் எடுத்துக்குவாங்கன்னு வரிசையா பேரு. எங்க கம்பெனி பேரு மேல மட்டும் கறுப்பு மார்க்கர்ல கோடு, பக்கத்துல கையால ஒரு தேதி. ஒரு மாசம் முந்தின தேதி. உள்ள இருந்த தங்கச்சி நல்லாதான் பேசுச்சு, "அக்கா, இந்த கார்டுக்கு இப்ப இங்க ஜி.எல்., அதான் செலவை நாங்க கட்டுறோம்னு இன்சூரன்ஸ் கொடுக்குற லெட்டர், வராதுக்கா, நீங்க காசு கட்டிட்டு அவங்ககிட்ட கிளைம் பண்ணிக்கலாம், இல்ல அவங்க பேனல் ஆஸ்பத்திரிக்கு மாத்திக்கலாம். டெபாசிட் 7,000". எனக்கு காதுல அதுக்கப்புறம் எதுவும் விழல. பேக்குல இருந்தது 300 வெள்ளி.

ஏஜெண்ட்டு அக்காவுக்குப் போன் போட்டா அவங்க அந்த வேலையை விட்டே நாளாச்சாம். கார்டு பின்னாடி இருக்குற 24 மணி நேர நம்பருக்குப் போட்டேன், பாட்டு கேட்டுக்கிட்டே நின்னு கடைசியா ஒரு பொண்ணு எடுத்துச்சு. ஆஸ்பத்திரிக்கும் எங்களுக்கும் இருந்த ஒப்பந்தம் முடிஞ்சிருச்சு, வெப்சைட்டுல அறிவிப்பு போட்டிருக்கோம், பக்கத்துல பேனல் வேணும்னா கோலாலம்பூர் பக்கமோ மலாக்கா பக்கமோ போங்கன்னு சொல்லிச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல, மாசாமாசம் காசை அக்கவுண்ட்டுல வெட்டத் தெரியுது, ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பத் தெரியலயான்னு கத்திட்டேன். அந்தப் பொண்ணு என்ன பண்ணும் பாவம். டாக்டர்கிட்ட கேட்டா காய்ச்சல் இருக்கு, இந்த நிலைமைல இன்னொரு ஊருக்குத் தூக்கிட்டுப் போறது எனக்கு இஷ்டம் இல்லன்னாரு. சேமிப்புல 4,500 இருந்துச்சு, அண்ணியோட கிரெடிட் கார்டுல 2,500 தேய்ச்சு டெபாசிட் கட்டினேன்.

இங்க நிறுத்தி முக்கியமான ஒண்ணைச் சொல்லிடறேன், இதைத்தான் யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதான்னு நெனைச்சேன். பாலிசிங்கறது உங்களுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம். பேனல்ங்கறது கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும், இல்லன்னா நடுவுல ஜி.எல். வேலையைப் பாக்குற டி.பி.ஏ. ஆளுங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள தனி ஒப்பந்தம். விலை ஒத்து வரலன்னா யாரு வேணா அதை முறிச்சுக்கலாம், உங்க பாலிசி அப்படியே இருக்கும், மாசக் கட்டணமும் அப்படியே போகும். பாலிசி புக்கைத் தேடிப் படிச்சுப் பாத்தேன், செலவைத் தருவோம்னு இருக்கு, இன்ன ஆஸ்பத்திரில காசில்லாம படுக்கலாம்னு ஒரு எடத்துலயும் இல்ல. அதனால கார்டு தேடும்போது "எந்த ஆஸ்பத்திரி பேனல்ல இருக்கு"ன்னு கேட்டுட்டு நிறுத்தாதீங்க. "பேனல் இல்லாத ஆஸ்பத்திரில படுத்தா எனக்கு எவ்வளவு வரும், எவ்வளவு வெட்டுவீங்க, அது பாலிசில எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு"ன்னு கேளுங்க. சில பிளான்ல பேனல்ல படுத்தாலும் வெளிய படுத்தாலும் ஒரே மாதிரி, காசு முன்னாடி கட்டி வாங்கிக்கணும் அவ்வளவுதான். சிலதுல வெளிய போனா நம்ம பங்கு கூடும். ரெண்டு பிளானும் மாசக் கட்டணத்துல பாக்க ஒண்ணா இருக்கும், வித்தியாசம் தெரியறது அந்த ஒரு வரிலதான். எமர்ஜென்சிக்கு என்ன சொல்லியிருக்குன்னும் பாருங்க. கோ-பேமெண்ட் பிளானா இருந்தாலும் எமர்ஜென்சிக்கும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கும் கேன்சர், டயாலிசிஸ் மாதிரி தொடர் சிகிச்சைக்கும் நம்ம பங்கு கட்டச் சொல்லக் கூடாதுன்னு பேங்க் நெகாரா விதி இருக்கு, அதனால கோ-பேமெண்ட்னாலே பயந்து ஓட வேண்டியதில்ல.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, துளை போட்டுதான் பண்ணாங்க. பில்லு 19,640 வெள்ளி. மிச்சம் கட்ட வேண்டிய 12,640க்கு என் சங்கிலியையும் ரெண்டு வளையலையும் அடகு வச்சு 6,000, கூட்டுப் பணம் (சீட்டு) அந்த மாசம் எனக்கு எடுக்க விட்டாங்க அது 4,000, பாக்கி அண்ணன் கொடுத்தாரு. டிஸ்சார்ஜ் ஆகும்போதே என்னென்ன பேப்பர் வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்தது நல்லதாப் போச்சு. ஒரிஜினல் ரசீது, ஒவ்வொரு சாமானும் தனித்தனியா போட்ட பில்லு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், கிளைம் பாரத்துல டாக்டர் நிரப்ப வேண்டிய பக்கம், இதெல்லாம் அன்னைக்கே வாங்கலன்னா பிறகு திரும்ப மலை ஏறி இறங்கணும். டாக்டர் அந்தப் பக்கத்தை நிரப்புறதுக்குத் தனிக் காசு, அது கிளைம்ல வராது. எல்லாத்தையும் போன்ல படம் எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம் அனுப்புங்க. எத்தனை நாளுக்குள்ள அனுப்பணும்னு பாலிசில கெடு இருக்கும், அதையும் பாத்துக்கோங்க.

அனுப்பிட்டு உக்காந்திருந்தா ஒரு லெட்டர் வருது. அவருக்கு 2022ல வயித்து வலின்னு கிளினிக் போன ரிக்கார்டு வேணுமாம். மில்லுல இருந்தப்ப டவுன்ல கம்பெனி கிளினிக் ஒண்ணுல மருந்து எடுத்திருந்தாரு, அங்க "காஸ்ட்ரிக்"னு எழுதி இருக்கு. கார்டு எடுக்கறதுக்கு முன்னாடியே கல்லு இருந்துச்சோ, மறைச்சுட்டீங்களோன்னு சந்தேகம். எனக்குத் தூக்கமே போச்சு, இவ்வளவு கடனை வாங்கி வச்சுக்கிட்டு ஒண்ணுமே வரலன்னா என்ன பண்றதுன்னு. கிளினிக்குப் போனேன், அந்த டாக்டர் பழைய ஆளு, கிளினிக் ரிக்கார்டை எடுத்துப் பாத்துட்டு அப்ப ஸ்கேன் எதுவும் எடுக்கல, ஒரு தடவை மருந்தோட சரியாப் போச்சு, பித்தப்பைக்குன்னு எந்த அறிகுறியும் இல்லன்னு லெட்டர் எழுதிக் கொடுத்தாரு, 80 வெள்ளி. அதை அனுப்பின பிறகுதான் கேசு நகர்ந்துச்சு. புதுசா கார்டு எடுக்கறவங்க பாரத்துல வயித்து வலி, கால் வலின்னு கிளினிக் போனதைக்கூட எழுதிடுங்க, ஏஜெண்ட்டு "இதெல்லாம் வேணாம்ணே"ன்னு சொன்னாலும் எழுதுங்க. முதல் ரெண்டு வருஷத்துல கிளைம் போனா அவங்க தோண்டாம விட மாட்டாங்க, பேனல்ல ஜி.எல். கேட்டாலும் இதே கதைதான். முதல்ல கொடுக்குற ஜி.எல். உள்ள படுக்க மட்டும்தான், வீட்டுக்குப் போறப்ப வர்ற கடைசி ஜி.எல்.லதான் எவ்வளவு கொடுப்பாங்கன்னு முடிவாகும்.

கடைசில 16,870 வந்துச்சு. 2,770 வெட்டு. அதுல ரெஜிஸ்ட்ரேஷன், ரிப்போர்ட் காசு, அந்த மாதிரி சில்லறை முன்னூத்துச் சொச்சம், அது பாலிசிலயே கிடையாது, சரி. மிச்சம் ஆபரேஷன்ல பயன்படுத்தின சாமானுங்களுக்கு "வழக்கமான நியாயமான கட்டணத்தை விட அதிகம்"னு ஒரே வரில எழுதி வெட்டியிருந்தாங்க. இதுல ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டேன், பிரைவேட் ஆஸ்பத்திரில டாக்டர் ஃபீஸுக்கு 2006 சட்ட விதியில 13வது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு மேல வாங்க முடியாது. ஆனா மருந்து, கையுறை, கிளிப், உபகரணம் இதுக்கெல்லாம் அந்த உச்சவரம்பு இல்ல, பில்லு வீங்குறதே அங்கதான். பேனல் ஆஸ்பத்திரின்னா இந்தச் சண்டையை அவங்களே ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்குவாங்க, வெளிய படுத்தா நடுவுல நாம மாட்டிக்கிறோம். நான் ஆஸ்பத்திரி பில்லிங்ல போயி ஒவ்வொரு சாமானும் எதுக்குன்னு டாக்டர் கையெழுத்தோட ஒரு விளக்கம் கேட்டு வாங்கி, கம்பெனியோட புகார் பிரிவுக்கு எழுதினேன். வாட்ஸ்அப்ல, போன்ல சொல்றதுல பிரயோஜனம் இல்ல, ஈமெயில்ல எழுதுங்க, ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்க. கடைசி முடிவுன்னு அவங்க எழுத்துல சொன்னதுக்கு அப்புறமும் உங்களுக்கு நியாயம் கிடைக்கலன்னா எஃப்.எம்.ஓ.எஸ்.னு இந்த மாதிரி தகராறைத் தீர்த்து வைக்கிற நடுவர் அமைப்பு இருக்கு, முன்னாடி ஓ.எஃப்.எஸ்.னு இருந்தது 2025 ஜனவரில இருந்து இந்தப் பேருல நடக்குது. காசு கிடையாது, வக்கீல் வேணாம், 250,000 வெள்ளி வரைக்கும் உள்ள இன்சூரன்ஸ் தகராறு பாப்பாங்க, ஆனா கம்பெனியோட கடைசிப் பதில் வந்து ஆறு மாசத்துக்குள்ள போகணும். நான் அதுவரைக்கும் போகல, அந்த விளக்கம் போனதும் இன்னொரு 1,450 கொடுத்துட்டாங்க. வெட்டுல மிச்சம் 1,320, அடகு வட்டி 480, லெட்டர், பெட்ரோல்னு கூட்டிப் பாத்தா 2,000 வெள்ளி கையை விட்டுப் போச்சு. அவர் லாரி ஓட்டாம இருந்த நாளுக்கு சம்பளம் கிடையாது, அது தனி.

இதோட போச்சான்னா இல்ல, புதுப்பிக்கிற நேரத்துல கட்டணம் ஏறுதுன்னு லெட்டர். 2024 கடைசில நாடு முழுக்க இந்தக் கட்டண ஏத்தம் பெரிய சண்டையாகி, ஏத்துறதை ஒரே அடியா ஏத்தாம குறைஞ்சது மூணு வருஷத்துக்குப் பிரிச்சு ஏத்துங்கன்னு பேங்க் நெகாரா சொல்லியிருக்கு, அது 2026 கடைசி வரைக்கும். அதனால ஏத்தம் கொஞ்சமா இருந்தாலும் எரிச்சலா இருந்துச்சு, பக்கத்து ஆஸ்பத்திரியும் இல்ல, கட்டணமும் கூடவா. வேற கம்பெனிக்கு மாறிடலாம்னு விசாரிச்சேன். அப்பதான் புரிஞ்சுது மாறுறது அவ்வளவு லேசு இல்லன்னு. அவருக்கு இப்ப ஆபரேஷன் வரலாறு இருக்கு, வயசு அம்பது. ஒரு கம்பெனி பித்தநீர் சம்பந்தப்பட்டது எதுவும் கவர் பண்ண மாட்டோம்னு சொல்லுது, இன்னொன்னு கட்டணத்துல கூடுதல் போடுது, எல்லாத்துலயும் 30 நாளும் 120 நாளும் மறுபடி முதல்ல இருந்து. மாறப் போற கம்பெனியோட பேனல்ல சிரம்பான் ஆஸ்பத்திரி இன்னைக்கு இருக்கு, அடுத்த வருஷம் இருக்கும்னு யாரு எழுதிக் கொடுப்பா? ஒருத்தரும் கொடுக்கல, நான் கேட்டுப் பாத்தேன். அப்படியும் மாறியே ஆகணும்னு நெனைக்கிறவங்க பழைய கார்டை நிறுத்தாதீங்க, புதுசு கைக்கு வந்து, காத்திருப்பு நாள் எல்லாம் தாண்டின பிறகு நிறுத்துங்க. நாலு மாசம் ரெண்டுக்கும் கட்டுறது கஷ்டம்தான், நடுவுல ஒண்ணும் இல்லாம நிக்கிறது அதைவிடக் கஷ்டம்.

கடைசில நாங்க பண்ணது இது. அவரோட கார்டு அப்படியே இருக்கட்டும்னு விட்டாச்சு. எனக்கு வேற கம்பெனில எடுத்தேன், வேணும்னேதான் வேற கம்பெனி, ஒருத்தர் பேனல்ல ஒரு ஆஸ்பத்திரி போனாலும் வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல போகாது பாருங்க. இதை எந்த ஏஜெண்ட்டும் சொல்ல மாட்டாங்க, ரெண்டு பேரையும் ஒரே எடத்துல போட்டாத்தான் அவங்களுக்கு லாபம். என்னுது 500 வெள்ளி நாம முதல்ல கட்டுற பிளான், மாசக் கட்டணம் நல்லாவே கம்மி, மிச்சப்படுறதை அமானா சஹாம் சேமிப்பு நிதில போடுறேன். அதுல 7,000 சேர்ற வரைக்கும் கை வைக்கிறது இல்லன்னு முடிவு, டெபாசிட்டுக்கு. கார்டு எவ்வளவு பெருசா இருந்தாலும் ஒரு டெபாசிட் காசு தனியா இருக்கணும்னு நான் இப்ப எல்லார்கிட்டயும் சொல்றேன், சொன்னா சிரிக்கிறாங்க, காசு இருந்தா கார்டு எதுக்குக்கான்னு. கட்டுற கட்டணத்துக்கு வருமான வரில கழிவும் உண்டு, மெடிக்கல், கல்வி இன்சூரன்ஸுக்கு இருந்த 3,000, 2025 வருமானத்துல இருந்து 4,000 ஆயிருக்கு, வரி கட்டுறவங்க ரசீதை எடுத்து வைங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில படுத்தா தினம் இவ்வளவுன்னு காசு கொடுக்குற பிரிவு நெறைய கார்டுல இருக்கு, எங்கதுலயும் இருக்கு. அவசரம் இல்லாத ஆபரேஷன்னா கோலா பிலாவிலயே வரிசைல நின்னு பண்ணிட்டு அந்தக் காசை வாங்கிக்கலாம்னு என் கணக்கு, அவர் ஒத்துக்கலன்னாலும்.

பேனல் பாக்குறது இப்ப பழக்கமாப் போச்சு. கம்பெனி வெப்சைட்டு, ஆப் ரெண்டுலயும் பாக்குறேன், அதை முழுசா நம்பாம ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டருக்கே போன் போட்டு, கம்பெனி பேரு மட்டும் சொல்லாம பிளான் பேரையும் சொல்லிக் கேக்குறேன், ஏன்னா ஒரே கம்பெனில பிளானுக்குப் பிளான் பேனல் மாறும். கம்பெனில நம்ம ஈமெயிலும் போன் நம்பரும் சரியா இருக்கான்னும் பாருங்க, எங்களது அந்த அக்காவோட நம்பர்ல பதிஞ்சிருந்துச்சு, அறிவிப்பு வந்திருந்தா அவங்களுக்குத்தான் போயிருக்கும். இப்ப எடுக்கப் போறவங்களுக்கு இன்னொன்னு, பாலிசி கைக்கு வந்ததுல இருந்து 15 நாள் டைம் இருக்கு, பிடிக்கலன்னா திருப்பிக் கொடுத்துடலாம், கட்டின காசு திரும்ப வரும், மெடிக்கல் செக்கப் ஏதாவது பண்ணியிருந்தா அந்தச் செலவை மட்டும் கழிப்பாங்க. அந்த 15 நாளுக்குள்ள பேனல் இல்லாத ஆஸ்பத்திரி பத்தி எழுதியிருக்குற பக்கத்தைத் தேடிப் படிங்க, தமிழ்ல இருக்காது, மலாய்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கும், புள்ளைங்க யாரையாவது உக்கார வச்சுப் படிக்கச் சொல்லுங்க. ஏஜெண்ட்டு வாயால சொன்னது எதுவா இருந்தாலும் அதையே ஈமெயில்ல எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கோங்க, எழுத மாட்டேன்னு சொன்னா அந்த 15 நாள் முடியறதுக்குள்ள வேற ஆளைப் பாருங்க.